பங்காளிப் பயிரும் பங்காளி மருந்தும்

(உழவர் பயிற்சிக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பயிர் சுழற்சியைப் பற்றிப் பேசுமாறு என்னைக் கேட்டிருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் நீங்கள் பலமுறை உரை கேட்டிருப்பீர்கள். "ஒரே பயிரைத் திரும்பத் திரும்பப் போடாதீர்கள், மாற்றிப் போடுங்கள்" என்று எங்களைப் போன்றவர்கள் ஊர் ஊராகச் சொல்லி வருகிறோம். நானும் அப்படித்தான் சொல்லி வந்தேன். அதில் பாதிதான் சொன்னேன் என்பது எனக்குத் தெரிய வந்த கதையிலிருந்து தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் மலையடிவாரத்து ஊர் ஒன்றில் ஓர் உழவர் தம் தக்காளிச் செடியைக் காட்ட என்னை அழைத்துச் சென்றார். அறுபது சென்ட் நிலம். பூவும் பிஞ்சுமாக நின்ற செடிகள், முதல் நாள் மாலை வரை நன்றாக இருந்தவை, மறுநாள் வெயிலில் வெந்நீர் ஊற்றியது போல் தொங்கிக் கிடந்தன. இலை மஞ்சளாகக்கூட மாறவில்லை. பச்சையாகவே வாடியிருந்தது. வாடல் நோய் என்று சொன்னேன். "இந்த மண்ணில் இனித் தக்காளி வேண்டாம், அடுத்த பட்டத்துக்குப் பயிரை மாற்றுங்கள்" என்றும் சொல்லிவிட்டு வந்தேன்.

அவர் சொன்னபடி மாற்றினார். கத்தரி நட்டார்.

நாற்பது நாளில் கத்தரியும் அதே போல் வாடியது. நான் மறுபடி போனபோது அவர் கோபப்படவில்லை. "சார், நீங்க மாத்தச் சொன்னீங்க, மாத்தினேன். அதுக்குத் தெரியலையே சார்" என்றார். எனக்கு முகம் கொடுத்துப் பேச முடியவில்லை. மாற்று என்று சொன்னவன், எதற்கு மாற்றுவது என்று சொல்லவில்லை. அவர் பார்வையில் தக்காளி வேறு, கத்தரி வேறு. சந்தையில் விலை வேறு, குழம்பில் ருசி வேறு. ஆனால் மண்ணில் இருந்த நோய்க்கு இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

யாருக்கு யார் பங்காளி?

நம் ஊர் வழக்கில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் பங்காளி வீடுகள் எல்லாவற்றுக்கும் தீட்டு உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் எவ்வளவு நெருங்கிப் பழகினாலும் அவருக்குத் தீட்டு இல்லை. பத்து மைல் தள்ளி இருக்கும் பங்காளிக்கு உண்டு. பயிர்களிலும் ஏறத்தாழ இதே கணக்குதான். தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு, புகையிலை ஆகியவை ஒரே குடும்பம். வரப்பில் தானாக முளைக்கும் மணத்தக்காளி, வேலியில் படரும் தூதுவளை, சுண்டை, ஊமத்தை ஆகியவையும் அதே குடும்பம். தக்காளியும் மிளகாயும் உருளையும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்தவை. கத்தரி நம் பக்கத்துச் செடி. பல ஆயிரம் மைல் இடைவெளியில் வளர்ந்தும் இரத்த உறவு விட்டுப் போகவில்லை.

பெயரைப் பார்த்து உறவைத் தீர்மானித்தால் ஏமாந்து போவோம். உருளைக்கிழங்கு, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, மரவள்ளிக் கிழங்கு மூன்றையும் மண்டியில் கிழங்கு என்று ஒரே வரிசையில் வைப்பார்கள். உருளை கத்தரிக் குடும்பம். மரவள்ளி ஆமணக்கின் உறவு. சர்க்கரைவள்ளிக்கு இந்த இரண்டோடும் ஒட்டு இல்லை. மிளகும் மிளகாயும் பெயரில் அண்ணன் தம்பி, பிறப்பில் அந்நியர். மண்டிக்காரர் செய்வது தவறு என்று சொல்லவில்லை. அவர் விற்கும் வசதிக்குப் பிரிக்கிறார். நாம் விதைக்கும் வசதிக்குப் பிரிக்க வேண்டும்.

இதற்குப் படிப்பு வேண்டுமோ என்று தயங்க வேண்டாம். பூவைப் பாருங்கள். பூ காட்டிக் கொடுத்துவிடும். தக்காளி, கத்தரி, சுண்டை, மணத்தக்காளி ஆகியவற்றின் பூக்களைப் பறித்து ஒரு தட்டில் வைத்துப் பார்த்தால், இதழ்கள் அடியில் ஒட்டி நட்சத்திரம் போல் விரிந்திருக்கும். நடுவில் மகரந்தப் பைகள் கூம்பு போல் எழுந்து நிற்கும். பருத்தி, வெண்டை, துத்தி, செம்பருத்தி ஆகியவற்றின் பூக்களில் நடுவே ஒரு குழல் எழுந்து அதைச் சுற்றி மகரந்தம் ஒட்டியிருக்கும். உளுந்து, தட்டைப்பயறு, நிலக்கடலை, அகத்தி ஆகியவற்றின் பூக்கள் வண்ணத்துப்பூச்சி இறக்கை விரித்தது போல் இருக்கும். பள்ளிக்கூடம் போகும் உங்கள் பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் உங்கள் நிலத்துச் செடிகள் அனைத்தையும் குடும்ப வாரியாகப் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள்.

வெண்டைக்குப் பக்கத்து வயலில் பருத்தி போட்டவர்களுக்குப் புள்ளிக் காய்ப்புழு எங்கிருந்து எங்கே போகிறது என்று நான் சொல்லத் தேவையில்லை. இரண்டும் இல்லாத காலத்தில் அது வரப்புத் துத்தியில் காத்திருக்கும். களை எடுக்கும்போது எல்லாக் களையும் ஒன்று என்று எடுக்காமல், பயிரின் பங்காளிக் களையை முதலில் எடுங்கள். கூலி ஆள் கிடைக்காத இந்த நாளில் இதுவே பெரிய மிச்சம்.

கண்ணாடி டம்ளர் சோதனை

இனி அந்த வாடலுக்கு வருகிறேன். வாடல் என்று பொதுவாகச் சொன்னதும் என் பிழைகளில் ஒன்று. தக்காளிக்கு முக்கியமாக இரண்டு வகை வாடல் வருகிறது. ஒன்று பாக்டீரியாவால் வருவது, மற்றொன்று பியூசேரியம் என்னும் பூசணத்தால் வருவது. பியூசேரியம் வாடலில் அடி இலைகள் மஞ்சளாகி, செடி மெதுவாகச் சாகும். பாக்டீரியா வாடலில் பச்சையாகவே திடீரென்று தொங்கும்.

ஐயமிருந்தால் வாடிய செடியின் தண்டில் அடிப்பகுதியிலிருந்து மூன்று அங்குலத் துண்டு வெட்டி, தெளிந்த நீர் உள்ள கண்ணாடி டம்ளரில் வெட்டு முனை நீரில் படும்படி அசையாமல் தொங்க விடுங்கள். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால் போன்ற வெள்ளை இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல். செலவில்லாத சோதனை. நான் முதல் நாளே இதைச் செய்திருக்க வேண்டும்.

ஏன் இந்தப் பிரிவினை முக்கியம்? தக்காளியைத் தாக்கும் பியூசேரியம் தக்காளியோடு நின்றுவிடும். அந்த மண்ணில் கத்தரி நட்டால் அந்தப் பூசணம் கத்தரியை ஒன்றும் செய்யாது. பாக்டீரியா வாடலோ குடும்பம் முழுவதையும் தாக்கும். குடும்பத்துக்கு வெளியே இஞ்சி, நிலக்கடலை போன்றவற்றைத் தாக்கும் வகைகளும் அதில் உண்டு. வேர்முடிச்சு நூற்புழுவுக்குக் குடும்பக் கணக்கே கிடையாது. தக்காளி, வெண்டை, பாகல் என்று எதிலும் ஏறும். ஆக, உறவைப் பார்ப்பதோடு எந்த நோய் என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

பாக்டீரியா வாடல் என்று உறுதியானால் அந்த நிலத்தில் மூன்று ஆண்டுகளாவது கத்தரிக் குடும்பம் நுழையக் கூடாது. மக்காச்சோளம், சோளம் போடலாம். தண்ணீர் வசதி இருந்தால் ஒரு போகம் நெல் நட்டு நீர் கட்டுவது மிகவும் நல்லது. வாடிய செடியைப் பிடுங்கி வாய்க்காலில் வீசாதீர்கள். இந்தப் பாக்டீரியா தண்ணீரோடு பயணம் செய்யும். உங்கள் வயலிலிருந்து கீழ் வயலுக்குப் பாசனம் பாய்ந்தால் நோயும் பாயும். வரப்பில் மணத்தக்காளியை விட்டுவைத்தால் மூன்று ஆண்டுக் காத்திருப்பும் வீண்.

உறவு உதவவும் செய்யும்

பங்காளி என்றால் சண்டை மட்டும்தானா? தோள் கொடுப்பவனும் அவன்தான். சுண்டைச் செடியின் வேர் பாக்டீரியா வாடலையும் நூற்புழுவையும் பெரிதும் தாங்கும். அதன் அடித்தண்டின் மேல் கத்தரியை ஒட்டுக் கட்டினால், வேர் சுண்டையுடையது, காய் கத்தரியுடையது. இந்த ஒட்டு நாற்று இப்போது பல இடங்களில் கிடைக்கிறது. தக்காளியைக் கத்தரி வேரின் மேலும் ஒட்டலாம். வெண்டையைச் சுண்டையில் ஒட்ட முடியாது. உறவு இருந்தால்தான் ஒட்டும்.

ஒட்டு நாற்று நடுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒட்டுக் கட்டிய இடம் மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும். மண் அணைக்கும்போது அதை மூடிவிட்டால் மேல் செடி தானே வேர் விட்டு, நோய் அந்த வழியே ஏறிவிடும். அடியிலிருந்து கிளைக்கும் சுண்டைத் தளிர்களையும் அவ்வப்போது கிள்ளிவிட வேண்டும்.

நம் கோயம்புத்தூரில் 1912-ஆம் ஆண்டில் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பார்பரும் வெங்கட்ராமனும் செய்தது இந்த உறவை நம்பித்தான். தோட்டக் கரும்பை, ஆற்றங்கரையில் யாரும் மதிக்காமல் நின்ற நாணல் வகைக் காட்டுக் கரும்போடு இணைத்தார்கள். அதில் பிறந்த கோ 205 இரகம் 1918-இல் வெளியாயிற்று. இனிப்பு ஒரு பக்கத்திலிருந்தும், வறட்சியையும் குளிரையும் தாங்கும் உடல் மறு பக்கத்திலிருந்தும் வந்தன. நெல்லிலும் இப்படி நடந்திருக்கிறது. புல் குட்டை நச்சுயிரி நோய்க்கு எதிர்ப்புத் தேடி 6,000-க்கும் மேற்பட்ட நெல் வகைகளைச் சோதித்தபோது, உத்தரப் பிரதேசத்தில் சேகரித்த ஒரே ஒரு காட்டு நெல்லில்தான் அது கிடைத்தது. 1976-இல் வந்த ஐ.ஆர். 36 அந்தக் காட்டு உறவின் வாரிசு.

பயறு வகைகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மேலே போகிறேன். பயறுகள் எல்லாம் ஒரே குடும்பம்தான், ஆனாலும் ரைசோபியம் நுண்ணுயிருக்கு உட்பிரிவு உண்டு. உளுந்துக்கு ஏற்ற நுண்ணுயிர் சோயாவுக்கு ஏற்காது. கொண்டைக்கடலைக்கு வேறு. பொட்டலத்தின் மேல் பயிரின் பெயரைப் பார்த்து வாங்குங்கள்.

மூன்று புட்டிகள்

இப்போது அந்த உழவர் வீட்டுத் திண்ணைக்குத் திரும்புவோம். கத்தரி வாடிய அன்று திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது, அவருடைய மனைவி மூன்று காலி மருந்துப் புட்டிகளைக் கொண்டு வந்து வரிசையாக வைத்தார். தக்காளியில் வெள்ளை ஈ வந்து இலை சுருண்டபோது வாங்கியவை. "ஒவ்வொரு தடவையும் இது வேற, புதுசுன்னு சொல்லித்தானுங்க கடையில கொடுத்தாங்க. எதுக்கும் ஈ அடங்கல" என்றார். (காலிப் புட்டியை வீட்டில் வைத்திருப்பது ஆபத்து. குழந்தைகள் இருக்கும் வீடு. அதை அன்றே சொன்னேன், இங்கும் சொல்கிறேன்.)

மூன்றும் மூன்று கம்பெனி. மூன்று நிறம், மூன்று விலை. பெரிய எழுத்தில் இருந்த பெயர்கள் மூன்றும் வேறு வேறு. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சிறிய எழுத்தைப் படித்தேன். முதல் புட்டியில் இமிடாகுளோப்ரிட். இரண்டாவதில் அதே இமிடாகுளோப்ரிட். மூன்றாவதில் அசிட்டாமிப்ரிட். முதல் இரண்டும் ஒரே ஆள், சட்டை மட்டும் வேறு. மூன்றாவது அவருடைய தம்பி.

இந்த மருந்துகளை நியோநிகோட்டினாய்டு குடும்பம் என்கிறார்கள். தயாமீதாக்சமும் இதில் சேர்ந்ததே. புகையிலையில் உள்ள நிகோட்டின் பூச்சியின் நரம்பில் எந்த இடத்தைத் தாக்குமோ, அதே இடத்தை இவையும் தாக்கும். நம் பாட்டனார் புகையிலைக் கஷாயம் தெளித்தார். அதன் தூரத்து உறவைத்தான் நாம் இன்று காசு கொடுத்து வாங்குகிறோம். அந்தப் புகையிலையும் கத்தரிக் குடும்பம் என்பது ஒரு வேடிக்கை.

ஒரே குடும்ப மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் என்ன நடக்கிறது? ஒரு வயலில் உள்ள ஆயிரக்கணக்கான ஈக்களில் அந்த மருந்தைத் தாங்கும் உடல் வாகு சிலவற்றுக்கு இயற்கையாகவே இருக்கும். மற்றவை சாக, அவை மட்டும் மிஞ்சிக் குஞ்சு பொரிக்கும். வெயில் காலத்தில் வெள்ளை ஈக்கு மூன்று வாரத்துக்கு ஒரு தலைமுறை. அடுத்த முறை வேறு பெயரில் பங்காளி மருந்தை அடித்தால், அது தாக்கும் இடமும் அதுவே. தாங்கியவை மறுபடி தாங்கும். இரண்டு மூன்று தெளிப்பில் வயல் முழுவதும் தாங்கும் ஈக்களே நிறைந்துவிடும். "மருந்தில் கலப்படம்" என்று நாம் கடைக்காரரோடு சண்டை போடுவோம். கலப்படமும் உண்டுதான், ஆனால் எப்போதும் அதுவே காரணமாக இருப்பதில்லை.

இதன் விலை என்ன என்பதை 1987-88 பருவத்தில் ஆந்திரத்துக் கடலோரப் பருத்தி உழவர்கள் அறிந்தார்கள். பைரித்ராய்டு மருந்துகள் அப்போது புதியவை. முதலில் பச்சைக் காய்ப்புழுவை அருமையாகக் கொன்றன. பிறகு புழு பழகிவிட்டது. எத்தனை முறை அடித்தும் சாகவில்லை. சைபர்மெத்ரின் கேட்கவில்லை என்று பென்வலரேட்டுக்கு மாறினாலும் அது பங்காளியிடமிருந்து பங்காளிக்குப் போனதே தவிர வேறில்லை. பயிரும் போயிற்று, கடனும் ஏறிற்று. உயிரை மாய்த்துக்கொண்ட உழவர்களும் உண்டு.

மருந்துக்குப் பூ கிடையாது, எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்பீர்கள். பெரிய எழுத்துப் பெயர் கம்பெனி வைத்த செல்லப் பெயர். அதை விட்டுவிட்டு மருந்தின் உண்மைப் பெயரைப் படியுங்கள். அதை லேபிளில் போட்டே ஆக வேண்டும் என்பது சட்டம். அந்தப் பெயரின் வால் பெரும்பாலும் குடும்பத்தைச் சொல்லும். "மெத்ரின்" என்று முடிந்தால் பைரித்ராய்டு. "பாஸ்" என்று முடியும் குளோர்பைரிபாஸ், குயினால்பாஸ், புரோபெனோபாஸ் போன்றவை ஆர்கனோ பாஸ்பேட். "னிலிப்ரோல்" என்று முடிபவை டைஅமைடு. வாலை முழுக்க நம்பவும் முடியாது. பென்வலரேட்டுக்கு அந்த வால் இல்லை, ஆனாலும் அது பைரித்ராய்டு. டைமீத்தோயேட்டும் மாலத்தியானும் வால் இல்லாத ஆர்கனோ பாஸ்பேட்டுகள். இதனால்தான் 1984-இல் மருந்துக் கம்பெனிகளே சேர்ந்து அமைத்த பன்னாட்டுக் குழு, மருந்து தாக்கும் இடத்தைப் பார்த்து எண் கொடுத்திருக்கிறது. நியோநிகோட்டினாய்டுக்கு 4-ஏ, பைரித்ராய்டுக்கு 3-ஏ, ஆர்கனோ பாஸ்பேட்டுக்கு 1-பி, டைஅமைடுக்கு 28. லேபிளில் எண் இல்லாவிட்டால் வேளாண்மை அலுவலரிடம் உண்மைப் பெயரைச் சொல்லி எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

இரண்டு மருந்து கலந்து வருவதிலும் எச்சரிக்கை வேண்டும். புரோபெனோபாஸும் சைபர்மெத்ரினும் கலந்த புட்டி ஒன்று கடைகளில் உண்டு. அதை அடித்துவிட்டு, அடுத்த முறை தனிச் சைபர்மெத்ரின் வாங்கினால் மாற்றம் எதுவும் செய்யவில்லை என்றே பொருள்.

கடைக்காரர் புட்டிகளைக் கம்பெனி வாரியாக அடுக்கியிருப்பார். அது அவர் தொழில். உரத்தில் இந்தக் கவலை இல்லை. யூரியா எந்தக் கம்பெனியுடையதானாலும் தழைச்சத்து 46 சதம். 2022 அக்டோபர் முதல் மானிய உரம் எல்லாம் "பாரத்" என்ற ஒரே பெயரில் வருகிறது, அதனால் பயிருக்கு ஒரு வேறுபாடும் இல்லை. பயிர் யூரியாவுக்குப் பழகி எதிர்ப்பு காட்டுவதில்லை. புழுவும் ஈயும் காட்டும்.

ஆகையால் கடையில் "இதைவிட நல்ல மருந்து கொடுங்கள்" என்று கேட்காதீர்கள். "போன முறை இமிடாகுளோப்ரிட் அடித்தேன், அந்தக் குடும்பத்தைச் சேராத மருந்து வேண்டும்" என்று கேளுங்கள். அதற்கு முன் மஞ்சள் ஒட்டுப்பொறி வைத்து, 5 சத வேப்பங்கொட்டைச் சாறு தெளித்துப் பாருங்கள். 100 லிட்டருக்கு 5 கிலோ பருப்பு போதும். அடித்த மருந்தின் உண்மைப் பெயரையும் நாளையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கடன் கணக்கு எழுதும் நோட்டாக இருந்தாலும் சரி.

அந்த உழவர் அதன் பிறகு ஒரு போகம் நெல்லும் பின் மக்காச்சோளமும் எடுத்தார். நோட்டும் எழுதுகிறார், அவருடைய மனைவிதான் எழுதுகிறார் என்று சொல்வது சரி. மூன்று ஆண்டு முடிந்து, மறுபடி தக்காளி போடலாமா என்று கேட்டார். இம்முறை நான் அவசரப்பட்டு வாக்குக் கொடுக்கவில்லை. நிலத்தின் தாழ்ந்த மூலையில், தண்ணீர் வந்து தேங்கும் இடத்தில், இருபது சாதாரணத் தக்காளி நாற்றை மட்டும் நடச் சொன்னேன். நாற்பது நாள் பார்ப்போம், ஒரு செடி வாடினாலும் டம்ளரில் போட்டுப் பார்ப்போம். பால் இறங்கினால் இன்னும் ஒரு ஆண்டு மக்காச்சோளம், இல்லையென்றால் பாதி நிலத்தில் ஒட்டு நாற்று என்று பேசி வைத்திருக்கிறோம். நேற்று தொலைபேசியில் கேட்டேன். இருபத்து மூன்று நாள் ஆகிறது, இருபது செடியும் நிற்கிறது என்றார்.